மண்ணீரலை எடுத்துவிடலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?

போன ஜூனில் தைத்த பள்ளிப் பாவாடை இந்த ஜூனிலும் அப்படியே பொருந்தியது. "துணிச் செலவு மிச்சம் சிஸ்டர்" என்று அம்மா சிரித்தார். பிள்ளைக்கு 6 வயது, எடை 14 கிலோ. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் இடது விலாவிலிருந்து தொப்புள்வரை கல் மாதிரி ஒரு வீக்கம். என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ் நான். வீட்டுக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி மண்ணீரலைப் பற்றியதுதான். ஒரு டாக்டர் எடுத்துவிடச் சொன்னார், இன்னொருவர் அவசரப்படாதீர்கள் என்றார், நாங்கள் யார் பேச்சைக் கேட்பது என்பார்கள். பெரும்பாலும் இரண்டு டாக்டர்களும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆளுக்கொரு விதமான நோயை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். சிக்கிள் செல்லில் மண்ணீரல் இரண்டு வழியாகப் பிள்ளையைப் படுத்தும். எந்த வழி என்று தெரியாமல் எடுக்கலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை.

முதலாவது, திடீரென்று வருவது. காலையில் விளையாடிய குழந்தை மதியம் துவண்டு கிடக்கும். உதடு வெளுத்திருக்கும், வயிறு உப்பியிருக்கும். அரிவாள் மாதிரி வளைந்த சிவப்பணுக்கள் மண்ணீரலின் வாசலில் சிக்கிக்கொள்ள, உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லாமல் தேங்கிவிடும். சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராமுக்கு மேல் இறங்கும், ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களும் கூடவே குறையும். டாக்டர்கள் இதை சீக்வெஸ்ட்ரேஷன் என்பார்கள். தன் ரத்தம் முழுக்கத் தன் வயிற்றுக்குள்ளேயே இருக்க, ரத்தம் இல்லாமல் குழந்தை சாகும். பிறந்த சில மாதங்களிலிருந்து 5 வயதுவரை இந்தப் பயம் அதிகம். ஒரு தடவை வந்து தப்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பவும் வரும்.

இரண்டாவது, சத்தமில்லாமல் நடப்பது. மண்ணீரல் மாதக்கணக்கில் பெருத்துக்கொண்டே போகும். சாதாரணச் சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும், சிக்கிள் அணு 10 முதல் 20 நாள்தான். பெருத்த மண்ணீரல் அந்த ஆயுளையும் குறைத்துவிடும். எலும்பு மஜ்ஜை ராப்பகலாக ரத்தம் செய்யும், மண்ணீரல் அதைத் தின்னும். பிள்ளை சாப்பிடுகிற சோறும் முட்டையும் இந்த உற்பத்திக்கே போய்விட்டால் உயரமாக, சதையாக மாற என்ன மிச்சம் இருக்கும்? அந்தப் பாவாடை பொருந்தியதற்குக் காரணம் இதுதான்.

வளர்ச்சி என்பதைப் பெற்றோர் மட்டுமல்ல, ஆஸ்பத்திரியிலும் சில நேரம் இரண்டாம் பட்சமாக வைத்துவிடுகிறார்கள். வலி வந்தால் ஓடி வருகிறார்கள், காய்ச்சலுக்கு ஓடி வருகிறார்கள். பிள்ளை வளரவில்லை என்று யாரும் ராத்திரி ஜீப் பிடித்து வருவதில்லை. சிக்கிள் செல் குழந்தைகள் பிறக்கும்போது எடையில் மற்ற குழந்தைகளைப் போலத்தான் இருப்பார்கள். கருவில் இருந்தபோது இருந்த வகை ஹீமோகுளோபின் பிறந்ததிலிருந்தே குறைந்துகொண்டு வந்து 6 மாதத்தில் பெருமளவு வற்றிவிடும், அதற்குப் பிறகு எடை உயர அட்டையில் வளர்ச்சிக் கோடு மெல்லச் சாயும். உயரத்தைவிட எடையில்தான் அடி அதிகம். வயதுக்கு வருவதும் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போகும். கொஞ்சம் பின்தங்குவது இந்த நோயின் இயல்பு. ஆனால் ஒரு வருடமாகக் கோடு படுத்தே கிடந்தால் அதை நோயின் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் போகக் கூடாது, கையை மண்ணீரலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் மலைக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் சிக்கிள் செல் இருக்கிறது என்று 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டுசொன்னது நீலகிரிப் பழங்குடி மக்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான். ஆனால் இந்த நோயைப் பற்றிய பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கே மண்ணீரல் தானாகவே சுருங்கித் தழும்பாகி, 5 வயதுக்குள் இருந்த இடம் தெரியாமல் போவது வழக்கம். "கொஞ்ச நாள் பாருங்க, தானா சுருங்கிடும்" என்ற யோசனை அங்கிருந்து வந்தது. நம் ஊர்களில் காணப்படுவது அரபு-இந்திய வகை. இதில் கருக்கால ஹீமோகுளோபின் அதிகமாகத் தங்கியிருக்கும், அதனால் மண்ணீரலும் நீண்ட காலம் பிழைத்திருக்கும். 10 வயதிலும் 15 வயதிலும் பெரிய மண்ணீரலோடு பிள்ளைகளைப் பார்க்கிறோம். தானாகச் சுருங்கும் என்று காத்திருந்தால் இங்கே வருடங்கள்தான் போகும்.

சரி, கையில் உள்ள வழிகளுக்கு வருவோம்.

கையால் தடவிப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது

இதைச் சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். ஜமைக்காவில் கிரஹாம் சார்ஜென்ட் என்ற சிக்கிள் செல் டாக்டரின் குழுவினர் தாய்மாருக்கு மண்ணீரலைத் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பலன் 1985-இல் வெளியானது. நூறு சீக்வெஸ்ட்ரேஷன் தாக்குதலுக்கு 29 குழந்தைகள் இறந்துகொண்டிருந்த நிலை 3 ஆகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், பதிவான தாக்குதல்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. முன்பெல்லாம் யாருக்கும் தெரியாமல் நடந்தவற்றை இப்போது அம்மாக்கள் கண்டுபிடித்தார்கள். மருந்தில்லை, மெஷினில்லை, விரல் மட்டும்தான்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். விலாவில் தொடங்காதீர்கள், தொப்புளுக்குக் கீழே வலப்பக்கத்தில் தொடங்குங்கள். மேலிருந்து தொடங்கினால் பெரிய மண்ணீரலின் மேலேயே கை இருக்கும், ஓரம் தட்டுப்படாது. பிள்ளை மூச்சிழுக்கும்போது விரல் நுனியை இடது விலாவை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். மூக்கு நுனியை அழுத்தினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு விளிம்பு விரலில் வந்து முட்டும். குச்சி ஐஸ் குச்சியின் ஒரு முனையை விலா ஓரத்தில் வைத்து, விளிம்பு எட்டும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தினமும் குளிப்பாட்டும்போது குச்சியை வைத்துப் பார்த்தால் போதும். முதல் நாள் கூச்சத்தில் எல்லாப் பிள்ளையும் சிரித்து வயிற்றை இறுக்கிக்கொள்ளும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். கோட்டைத் தாண்டி இரண்டு விரல் இறங்கியிருந்து பிள்ளையும் வெளுத்திருந்தால் வேறு யோசனை வேண்டாம், உடனே கிளம்ப வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் சாலையில் இருக்கிறது. கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், நடுவட்டம் வழியாக மலையேற்றம், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை. மைசூர் பக்கம் போகலாம் என்றால் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடியிருக்கும், ஆம்புலன்சை விடுவார்கள். ரத்தம் கிடைக்கிற இடத்துக்கு ஒரு மணி நேரத்தில் போக முடிகிற வீட்டுக்கும், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான பாடியில், ஜீப்பே முக்கால் மணி நேரம் கழித்து வருகிற வீட்டுக்கும் "காத்திருக்கலாம்" என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம் கிடையாது.

மாதாமாதம் ரத்தம் ஏற்றுவது

2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கடுமையான தாக்குதல் வந்துவிட்டால் பல டாக்டர்கள் இதைச் சொல்வார்கள். 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றி, உடலில் சிக்கிள் ஹீமோகுளோபினை 30 சதவீதத்துக்குக் கீழே வைப்பது. அறுவை சிகிச்சை செய்யும் வயது வரும்வரை காலம் கடத்த இது உதவும். ரத்தம் ஏறிய பிறகு பிள்ளையின் முகமே மாறிவிடும், நன்றாகச் சாப்பிடும், எடையும் ஏறும். இதனால் பெற்றோருக்கு இந்த வழியின் மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

வருடக்கணக்கில் தொடர்வதற்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே தாக்குதல் வந்த பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு பையிலும் இரும்புச்சத்து இருக்கிறது, உடம்புக்கு அதை வெளியேற்றத் தெரியாது. 10, 20 பை தாண்டினால் ஈரலிலும் இதயத்திலும் படியத் தொடங்கும், அதை இறக்கத் தனி மருந்து வேண்டும். மற்றவர் ரத்தத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டால், நாளைக்கு அவசரத்தில் பொருந்துகிற ரத்தமே கிடைக்காமல் போகலாம். அரசு ரத்த வங்கியில் சிக்கிள் செல் பிள்ளைகளுக்கு ரத்தம் இலவசம்தான். போக வர பஸ் செலவும், இலை பறிக்கிற இருவரின் ஒரு நாள் கூலியும் இலவசம் இல்லையே.

ரத்தம் ஏறுகிற பிள்ளைக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ரத்தசோகை என்றால் இரும்பு என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. இவர்களுக்கு வேண்டியது ஃபோலிக் ஆசிட்.

திடீர்த் தாக்குதலின்போது ஏற்றுகிற ரத்தம் வேறு கணக்கு. கிலோவுக்கு 5 மில்லி போலக் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். "புள்ள இவ்வளவு வெளுத்துக் கிடக்கு, கஞ்சத்தனமா ஏத்துறாங்களே" என்று அப்பாக்கள் சண்டைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் ஏறியதும் மண்ணீரல் பிடித்துவைத்திருந்ததையும் திருப்பி விட ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்து ரத்தம் கெட்டியாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சிக்கனம்.

ஹைட்ராக்ஸியூரியா

சிக்கிள் செல்லில் நான் அதிகம் நம்புகிற மாத்திரை இது. கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டும், வலியைக் குறைக்கும், நெஞ்சுச் சளி மாதிரி வருகிற ஆபத்தான தாக்குதலைக் குறைக்கும். வளர்ச்சியைக் கெடுக்குமோ என்ற பயம் வீண், கெடுக்காது என்று பார்த்துவிட்டார்கள். ஆனால் மண்ணீரல் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் அமெரிக்காவில் செய்து 2011-இல் வெளியான பேபி ஹக் என்ற பெரிய ஆய்வு, மண்ணீரலின் வேலையை இது காப்பாற்றுமா என்று பார்ப்பதற்காகவே தொடங்கப்பட்டது. வலியும் கைகால் வீக்கமும் நன்றாகக் குறைந்தன, மண்ணீரலைக் காப்பாற்றுகிறது என்று மட்டும் நிரூபணம் ஆகவில்லை.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. 14 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 210 முதல் 280 மில்லிகிராம் வேண்டும், கையில் கிடைப்பது பெரும்பாலும் 500 மில்லிகிராம் கேப்சூல். வீட்டில் உடைத்துப் பாதியாக்காதீர்கள், எந்த நாள் எவ்வளவு என்று ஆஸ்பத்திரியில் கணக்குப் போட்டுத் தருவார்கள். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. தட்டணு 80,000-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். பெருத்த மண்ணீரல் உள்ள பிள்ளை சிக்குவது இங்கேதான். அதன் தட்டணுக்களை மண்ணீரல் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது, அதனால் மருந்தைப் பலன் தருகிற அளவுக்கு ஏற்றவே முடியாது. மருந்து வேலை செய்யவில்லை என்று அம்மா நினைப்பார், உண்மையில் மருந்துக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது.

எடுத்துவிடுவது

எடுத்துவிட்டால் மண்ணீரலில் ரத்தம் தேங்குகிற பேச்சே இல்லை. ரத்தத்தைத் தின்பது நிற்கும், ஹீமோகுளோபினும் தட்டணுவும் ஏறும், ஹைட்ராக்ஸியூரியாவைச் சரியான அளவுக்குக் கொண்டுபோகலாம். ஜமைக்காவில் இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெருத்த மண்ணீரலை எடுத்த பிறகு பிள்ளைகள் சும்மா இருக்கும்போது செலவாகிற சக்தி குறைந்தது, வளர்ச்சி வேகம் பிடித்தது. வயிறு அழுத்துவது போனதும் இரண்டு கை சோறு கூடச் சாப்பிடுவார்கள். கபடி ஆடி அடிபட்டால் மண்ணீரல் வெடித்துவிடுமோ என்ற பயமும் போகும்.

விலை என்ன? மண்ணீரல் நிமோகாக்கஸ் மாதிரிக் கிருமிகளை வடிகட்டிப் பிடிக்கிற உறுப்பு. அது இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் காய்ச்சல், இரவில் உயிருக்கு ஆபத்து என்றாகலாம். "பெரிதாக இருக்கிற மண்ணீரல் எப்படியும் வேலை செய்யாது, போனால் என்ன" என்று ஒரு வாதம் உண்டு. ஆப்பிரிக்க வகைப் பிள்ளைகளில் அது பெரும்பாலும் உண்மை, மண்ணீரல் உருவத்தில் இருந்தும் வேலையில் இல்லாமல் போவதை 1969-லேயே காட்டிவிட்டார்கள். நம் வகைப் பிள்ளைகளில் வடிகட்டும் வேலையும் கொஞ்ச காலம் கூடுதலாகத் தங்கியிருக்கும் என்பதால், 2 வயதில் அவசரப்பட்டு எடுப்பதற்கு நான் தயங்குவேன். 5 வயது தாண்டிவிட்டால் அந்தத் தயக்கம் பெரிதும் குறைந்துவிடும்.

எடுப்பதென்று முடிவானால் ஊசிகளை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டு முடிக்க வேண்டும்: நிமோகாக்கஸ், மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்ற இன்னொரு கிருமி, டைபாய்டு. நிமோகாக்கஸ் ஊசி அரசு அட்டவணையில் நாடு முழுக்க வந்துசேர 2021 ஆகிவிட்டது, அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் அட்டையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2 வயதுக்கு மேல் போடுகிற 23 வகை நிமோகாக்கஸ் ஊசி அந்த அட்டவணையில் இல்லை, கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் பென்சிலின். சிக்கிள் செல் குழந்தைகளுக்குத் தினம் இரண்டு வேளை பென்சிலின் கொடுத்தால் இந்தத் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986-இலேயே தெரிந்துவிட்டது. மண்ணீரல் இருந்தாலும் 5 வயதுவரை கொடுக்க வேண்டிய மருந்து இது, எடுத்த பிறகு எத்தனை வருடம் என்பதை டாக்டர் சொல்வார். வாய்வழி மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்காமல் அலைய நேரும். அப்போது மாதம் ஒரு பென்சிலின் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபினை 10 கிராம் பக்கம் கொண்டுவர ரத்தம் ஏற்றுவார்கள். ஸ்கேனில் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அது சகஜம், இருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாம். மண்ணீரலில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைக்கிற முறையும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கைதேர்ந்த சர்ஜன் வேண்டும், மிச்சம் வைத்தது மறுபடி வளர்ந்து பழைய கதை தொடங்கவும் கூடும். மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயையே போக்கக்கூடியது. பொருந்துகிற அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், அது மண்ணீரலுக்காக மட்டும் எடுக்கிற முடிவு அல்ல.

என் கணக்கு

எடுப்பதா, எடுக்காமல் பார்ப்பதா என்று இரண்டையும் நேருக்கு நேர் வைத்துச் செய்த முறையான சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் குழுவினரே தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆகவே யார் அடித்துச் சொன்னாலும் அது அவரவர் அனுபவம்தான், என்னுடையதும் அப்படியே.

2 வயதுக்குள் லேசான முதல் தாக்குதல், ஆஸ்பத்திரி பக்கம், அம்மாவுக்குத் தடவிப் பார்க்க நன்றாக வருகிறது என்றால் காத்திருப்பேன். அதே வயதில் கடுமையாக வந்திருந்தால் கொஞ்ச காலம் ரத்தம் ஏற்றிக் காலம் கடத்துவேன். 3 வயது தாண்டி இரண்டாவது தடவை வந்துவிட்டால், அதிலும் வீடு தூரமாக இருந்தால், சர்ஜனைப் பார்க்கச் சொல்வேன். மெதுவாகத் தின்கிற மண்ணீரல் என்றால் ஹைட்ராக்ஸியூரியாவுக்கு 6 மாதம் நேர்மையான ஒரு வாய்ப்பு, கூடவே எடை உயர அட்டை. கோடு நிமிரவில்லை, தட்டணு விடவில்லை என்றால் 5 வயதுக்கு மேல் எடுப்பதே பிள்ளைக்கு நல்லது.

பாவாடைக்காரப் பிள்ளைக்குத் திடீர்த் தாக்குதல் ஒரு தடவையும் வந்ததில்லை. ஹீமோகுளோபின் 5.8, தட்டணு 90,000-ஐச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. மாத்திரையை இரண்டு தடவை ஏற்றிப் பார்த்து இரண்டு தடவையும் இறக்கியாயிற்று. எடுப்பது என்று டாக்டர் சொல்லி, அம்மாவும் ஒத்துக்கொண்ட பிறகு பாட்டிதான் நின்றார்.

"உள்ளே இருக்கிறதை எடுத்துட்டா, அப்புறம் காய்ச்சல் வந்தா புள்ளைய யாரு காப்பாத்துறது சிஸ்டர்?"

நான் இத்தனை நேரம் எழுதியதில் மிகச் சரியான கேள்வி அதுதான். தெர்மாமீட்டரை எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். 101-ஐத் தாண்டினால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் எந்த நேரமானாலும் கிளம்ப வேண்டும், போனதும் மண்ணீரல் எடுத்த பிள்ளை என்று முதலில் சொல்ல வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராத்திரி வண்டி?" என்றார். கீழ்ப்பாடியில் ஜீப் வைத்திருக்கிற பையனின் நம்பரைப் பேத்தியே கரிக்கட்டையால் அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதினாள். பாட்டி அதோடு விடவில்லை. அந்த நம்பருக்கு அப்போதே போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டோம், இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.